ஓடாத காரைக் கழுவிய மனிதர்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டார்கள். பகுதியின் தலைப்பு 'உழைப்பால் உயர்ந்தோர்'. கோட் போட்ட படம் ஒன்றும் அனுப்ப வேண்டுமாம். நான் வேலை செய்த காலமெல்லாம் சுவிஸ் கராஜ்களில் கழிந்தது. அங்கே உயர்ந்ததெல்லாம் கார்தான். அதை லிஃப்டில் ஏற்றி உயர்த்திவிட்டு நான் கீழேதான் நின்றேன். இதைச் சொன்னபோது மலர்க்குழுச் செயலாளருக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, பகிடியை விட்டிட்டு ஊக்கம் குடுக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கோ. இப்ப டாஷ்போர்டிலை பிழையெண்டால் கொம்ப்யூட்டரைக் கொழுவிப் பாக்கினம். உங்கடை காலத்திலை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

எங்கள் காலத்தில் காரைக் கழற்றினோம். அதிலும் ஒருமுறை, புளியங்கொட்டை அளவான ஒரு பல்ப்புக்காகக் காரின் மேனியில் ஒரு பாகத்தையே அறுத்துத் தூக்கினோம். யாருக்கும் ஊக்கம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கராஜ் இருந்த ஊரையும், கன்டோன் என்கிற அந்த மாகாணத்தையும் சொல்ல மாட்டேன். என் சொந்தக்காரர்கள் இன்னமும் அங்கே கார் சோதனைக்குப் போக வேண்டியவர்கள்.

தொழில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் சில பேர் சேர்ந்து பழைய இங்கிலாந்துக் கார்களைச் சாகவிடாமல் வைத்திருந்தோம். உதிரிப்பாகம் வராது. அதனால் எதையும் எதிலும் பொருத்தப் பழகினோம். லொறியின் பாகம் காருக்குப் போகும், காரின் பாகம் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்குப் போகும். எண்பதுகளில் நாடு கெட்டபோது நானும் மற்றவர்களைப்போல ஏஜென்சிக்காரன் காட்டிய வழியால் சுவிஸ் வந்து சேர்ந்தேன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவனுக்குக் கிடைத்த வேலை உணவகத்தில் கோப்பை கழுவுவது. அதிலிருந்து ஹேர் ஃபுர்ரர், அதாவது திருவாளர் ஃபுர்ரர், என்பவரின் கராஜுக்குப் போனேன். அங்கே கார் கழுவும் வேலை. கழுவும் பொருள் பெரிதாகியது, வேறு முன்னேற்றம் எதையும் நான் காணவில்லை.

என் பெயர் தவராசா. தகப்பனார் பெயர் கந்தையா. சுவிஸ்காரர்கள் பின்னால் நிற்கும் பெயரே ஒருவரின் பெயர் என்று நினைப்பவர்கள். ஆகவே நான் அங்கே ஹேர் கந்தையா. என் தகப்பனார் சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர். அவர் பெயரில் அந்த நாட்டில் எத்தனையோ எஞ்சின்கள் இறங்கி ஏறின.

ஹேர் ஃபுர்ரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டையான மனிதர், நகத்தில் ஒருநாளும் கறுப்பு இருந்ததில்லை. கராஜின் சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைச் சிவப்பு மையால் வரைந்து வைத்திருந்தார். ஸ்பானர் தொங்கும் இடத்தில் அது இல்லையென்றால் உருவம் மட்டும் தெரியும், உடனே யார் எடுத்தது என்று விசாரணை தொடங்கும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்மார், இந்தப் பக்கம் வாடிக்கையாளர்களும் கார் கழுவுகிற நானும். அவர் ஒருபோதும் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் சுவிஸ் ஜேர்மனை விட்டுவிட்டு, பாடசாலையில் படிப்பிக்கிற நல்ல ஜேர்மனில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவார். அந்த ஜேர்மனைக் கேட்டால் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம், ஏனென்றால் அதுதான் எனக்கு விளங்கும்.

அவருக்கு இரண்டு விஷயம் புனிதம். ஒன்று காலை ஒன்பது மணிக்கு வருகிற ஸ்னூனி என்கிற தேநீர் இடைவேளை. எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் கூடச் சனம் கொஞ்சம் யோசித்துத்தான் எழும்பும். ஃபுர்ரர் "ஸ்னூனி" என்று சொன்னால் பாதி முறுக்கிய ஆணி பாதியில் நிற்கும். மற்றது, சொன்ன வாக்கு. சொன்னதை எழுத்துக்கு எழுத்துச் செய்வார், ஒரு எழுத்து கூடச் செய்ய மாட்டார்.

அவருடைய பகையாளி ஹேர் ஷ்டால்டர். கார்களைச் சோதித்து, வீதியில் ஓடலாமா கூடாதா என்று சொல்லும் சோதனை நிலையத்தில் அதிகாரி. நெட்டையான, கொஞ்சம் குனிந்த மனிதர். கையில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறினால் துரு, துரு என்றால் திரும்பிப் போ. ஃபுர்ரர் கழுவித் துடைத்து அனுப்பிய கார்களில் பாதியை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை ஊர்ப் பாதிரியாரின் காரையும் அப்படி அனுப்ப, பாதிரியார் ஒரு அடக்கத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. செத்தவரின் வீட்டார் கல்லறையில் காத்திருந்ததை அந்த ஊர் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட ஷ்டால்டர் ஒரு திங்கட்கிழமை, தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்றை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கராஜுக்கு வந்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர்கள் கதைத்ததை எங்கள் வாய்க்கு மாற்றித்தான் எழுதுகிறேன். சுவிஸ் ஜேர்மனைத் தமிழில் எழுத வேறு வழி எனக்குத் தெரியாது.

"இது என்ன?" என்றார் ஃபுர்ரர்.

"கார்."

"ஆருடைய கார்?"

ஷ்டால்டர் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே கரும்பச்சை நிறத்தில், பழைய பந்தயக் கார் மாதிரி, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த கார். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டுகிற கார் அது. அடித்தட்டும் எஞ்சினும் ஏதாவது பழைய காரிலிருந்து எடுக்க வேண்டும், மேனி ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நார்ப் பொருளில் வார்த்து இங்கிலாந்திலிருந்து வரும். பல பனிக்காலங்கள் தன் வீட்டு நிலவறையில் தனியாக நின்று கட்டியிருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சோதனை நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

ஃபுர்ரர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மரியாதையை நான் முன்பு கண்டதில்லை. பிறகுதான் விளங்கியது, அது பசியுள்ளவன் சாப்பாட்டைப் பார்க்கும் பார்வை.

"என்ன வேலை?"

"பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியேல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னாலை வயர் விட்டிட்டுது. கீழாலை கை போகாது."

"விளக்கு இல்லாட்டி சோதனையிலை பாஸ் இல்லை," என்றார் ஃபுர்ரர்.

"அந்தச் சட்டம் எனக்குத் தெரியும்," என்றார் ஷ்டால்டர்.

அந்த வகைக் காரில், முன்கண்ணாடிக்கும் பொனெட்டுக்கும் நடுவே ஒரு வளைந்த பாகம் வரும். டாஷ்போர்டுக்குக் கூரை அதுதான். நாங்கள் பேனல் என்போம். அதைத் தூக்கினால் டாஷ்போர்டின் முதுகு முழுவதும் தெரியும். தூக்குவதில்தான் கஷ்டம். நார்ப் பொருள் ஓரிடத்தில் வெடித்தால் வெடிப்பு ஓடிக்கொண்டே போகும், மேலே பூசியிருக்கும் நிறமும் சேர்ந்து பிளக்கும். எந்த மெக்கானிக்கும் அந்தக் காரைத் தொட முன்வரவில்லை. ஷ்டால்டரின் காரை வெடிக்க வைத்தவன் என்ற பெயரோடு அந்தக் கன்டோனில் வாழ முடியாது. அப்போதுதான் ஃபுர்ரர் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஹேர் கந்தையா, நீர் ஊரிலை மெக்கானிக் எண்டு சொன்னனீர்."

"ஓம்."

"இந்த வேலையைச் செய்யும். கார் சோதனையிலை பாஸாகி நம்பர் தட்டு ஏறினால் நீர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரலாம், நீல உடுப்புத் தருவன். பேனல் வெடிச்சால் நீர் திரும்பவும் உணவகத்துக்குப் போகலாம்."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் ஸ்பானர் பிடிக்கவில்லை. மற்றவன் தவறாக முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரில் நிற்பது என்ன வேதனை என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். உடனே ஓம் என்றேன். நான் இருந்த அறையில் யோகண்ணை என்று ஒருவர் இருந்தார். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவியபடி எல்லாருக்கும் புத்தி சொல்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"தம்பி, உனக்கு விசரோ? வெடிச்சால் அகதி வெடிக்க வைச்சிட்டான், வெடிக்காட்டி சுவிஸ்காரன் திருத்திப்போட்டான் எண்டுவினம். நான் சொல்லுறதைக் கேள். அந்தக் காருக்குள்ளை எதைக் கண்டாலும் காணாதமாதிரி இரு. இந்த நாட்டிலை கண்ணை வைச்சிருக்கிறதுக்குப் பெர்மிட் வேணும்."

மறுநாள் தொடங்கினேன். எனக்குத் துணையாக ஃபுர்ரர் தந்தது சல்வத்தோரே என்ற இத்தாலிக்காரரை. எனக்கு மிக முன்னர் சுவிசுக்கு வந்தவர். வெல்டிங்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் சுவிஸ்காரரை விடச் சுவிஸ்காரராகிவிட்டார். ஷ்டால்டர் லீவு எடுத்துக்கொண்டு வந்து, மடக்குக் கதிரை ஒன்றைப் போட்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருந்தார். அந்தக் கோட்டைப் போடும்படி முன்பு கட்டளையிட்டவரே அவர்தானாம். ஆகவே அதைத் தாண்டுவதற்கு அவருக்கு மனம் வராது.

பற்றரியின் வயரைக் கழற்றினேன். துடைப்பான் கைகளைக் கழற்றினேன். முன்கண்ணாடியை அதன் பித்தளைச் சட்டத்தோடு தூக்கிப் பழைய மெத்தையில் படுக்க வைத்தோம். பொனெட் இறங்கியது. இவ்வளவையும் யாழ்ப்பாணத்திலும் செய்திருப்பேன். பிறகு பேனலைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் தேடினால் ஒன்றையும் காணவில்லை. ஷ்டால்டர் ஆணித்தலைகளின் மேலே பூச்சு மாப்போட்டு நிரவி, நிறம் அடித்து, கண்ணாடிபோலத் தேய்த்திருந்தார்.

ஒரு பழுதான ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தை எடுத்து நூலில் கட்டினேன். நார்ப் பொருளில் காந்தம் ஒட்டாது, உள்ளே இரும்பு ஆணி இருந்தால் அந்த இடத்துக்கு இழுபடும். நூலைப் பிடித்து மெல்ல நகர்த்தி, காந்தம் இழுபட்ட இடமெல்லாம் காகிதப் பட்டி ஒட்டி அடையாளம் வைத்தேன். அடையாளங்கள் கூடிக்கொண்டே போயின.

"காரோடை வந்த புத்தகத்திலை இருக்கிறதைவிடக் கனக்க ஆணி இருக்கே," என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மனில்.

"ரெண்டு மடங்கு போட்டனான்," என்றார் ஷ்டால்டர். "புத்தகம் எழுதினவன் இங்கிலாந்துக்காரன். அவங்கள் ஆணியிலை கஞ்சத்தனம்."

"ஒட்டியும் விட்டிருக்கிறீங்களோ?"

"பின்னை?"

ஆணி ஒவ்வொன்றின் மேலிருந்த மாவையும் சுரண்டி எடுத்துக் கழற்றினேன். அதன் பிறகு பசை. விளிம்பு முழுவதும் காகிதப் பட்டி ஒட்டி நிறத்தைக் காப்பாற்றிவிட்டு, சூடான காற்று ஊதிப் பசையை இளக்கி, அந்த இடுக்குக்குள் மெல்லிய எஃகுக் கம்பியை விட்டோம். கம்பியின் இரு நுனியிலும் மரக்கட்டை கட்டி, நான் ஒரு பக்கமும் சல்வத்தோரே மறுபக்கமும் நின்று, மரம் அரிகிறவர்கள்போல இழுத்தோம். அவசரப்பட்டால் கம்பி பசையை விட்டுப் பேனலைத் தின்னத் தொடங்கும். ஒரு சாண் அறுந்ததும் அந்த இடத்தில் மர ஆப்பு வைத்து மறுபடி சூடு. இப்படியே அந்த வாரம் போயிற்று. ஷ்டால்டர் கதிரையிலிருந்தபடி ஒவ்வொரு சாணுக்கும் தலையாட்டினார். தன் வேலை எவ்வளவு உறுதியென்று அவருக்குச் சந்தோஷம், என் முதுகு அதற்குச் சாட்சி.

வெள்ளிக்கிழமை காலை கடைசிப் பசை விட்டது. நானும் சல்வத்தோரேயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு முழம் உயர்த்தினோம். வளையாமல், முறுக்காமல், இருவரும் ஒரே உயரத்தில் பிடித்து நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஃபுர்ரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஸ்னூனி."

சல்வத்தோரே பிடித்த பிடியோடு என்னைப் பார்த்தார்.

"மன்னிக்கவேணும். இடைவேளையிலை வேலை செய்து காயப்பட்டால் காப்புறுதி தராது," என்றார்.

"இதை இப்ப எங்கை வைக்கிறது?"

அவர் சுற்றிப் பார்த்தார். மெத்தை எட்டாத தூரத்தில் கிடந்தது. கண் ஷ்டால்டரில் போய் நின்றது.

"ஹேர் ஷ்டால்டர், நீங்கள் இஞ்சை சம்பளத்துக்கு இல்லை. உங்களுக்கு இடைவேளையும் இல்லை. வந்து பிடியுங்கோ."

ஷ்டால்டர் எழும்பினார். மஞ்சள் கோட்டருகே வந்து குனிந்து அதைப் பார்த்தார். பிறகு, குளத்தில் இறங்குகிறவர்போல ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு மற்றக் காலையும் வைத்து, வந்து பேனலைப் பிடித்தார். சல்வத்தோரே கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டி தின்னப் போய்விட்டார். பெரிய கராஜில் நானும் சோதனை அதிகாரியும் மட்டும், ஒரு டாஷ்போர்டின் கூரையைப் பிடித்தபடி எதிரெதிரே நின்றோம்.

இருவருக்கும் நடுவில் டாஷ்போர்டின் முதுகு. வயர்கள் தலை வாரியதுபோல வரிசையாகக் கிடந்தன. கழன்ற வயரும் அந்தச் சின்ன பல்ப்பும் பார்த்ததும் தெரிந்தன. அதற்குக் கீழே, ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் எஃகுச் சட்டத்தின் மூலையில், கபில நிறத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சட்டம் அந்த இடத்தில் பிஸ்கட் போல உதிர்ந்து ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

ஓடாத கார் எப்படித் துருப்பிடித்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஷ்டால்டருக்கு விளங்கியிருக்க வேண்டும், முகம் வெளுத்துப் போனது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவுறனான்," என்றார் மெதுவாக.

"ஓடாத காரையோ?"

"சனிக்கிழமைதானே."

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் வழியாக ஒவ்வொரு வாரமும் கொஞ்சத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வேறு யாராவது கட்டியிருந்தால் அது அடியில் எங்காவது ஒழுகிப் போயிருக்கும். இவர் ஒரு துளியும் புகாதபடி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டார். போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"உமக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார்.

யோகண்ணையின் புத்திமதி எனக்கு அப்போதுதான் பெறுமதியாகத் தெரிந்தது. துரு என்று நான் சொன்னால் வேலை நீளும், தட்டு ஏறாது. சொல்லாவிட்டால் பல்ப்பைப் போட்டு மூடிவிடலாம். மூடினால் இனி ஒரு சுத்தியலும் அந்த இடத்துக்குப் போகாது.

"வெளிச்சம் காணாது," என்றேன், இருட்டில் ஒன்றும் கண்ணில் படாதவன்போல.

உள்ளே கோப்பைகளின் சத்தம் கேட்டது. கை நோகத் தொடங்கியது. அவர் ஒரு சொல் சொன்னால் நான் மூடிவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும். அவர் தொழிலில் எத்தனை பேர் இதே மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

"வெளிச்சம் தாராளமாய்க் காணும்," என்றார்.

இடைவேளை முடிந்து எல்லோரும் வந்தார்கள். சல்வத்தோரே ஷ்டால்டரிடமிருந்து மாற்றிப் பிடித்தார், பேனலை மெத்தையில் வைத்தோம். ஒரு கீறல் இல்லை. ஷ்டால்டர் நிமிர்ந்து நின்று, சோதனை நிலையத்தில் சொல்கிற குரலில் சொன்னார்.

"ஸ்டியரிங் சட்டத்திலை துரு. இந்தக் கார் வீதியிலை ஓடக் கூடாது."

ஃபுர்ரர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். "மெஷின் சத்தத்திலை விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுறீங்களோ?" என்றார்.

கராஜில் ஒரு மெஷினும் ஓடவில்லை. ஷ்டால்டர் மறுபடி முழுவதையும் சொன்னார். ஃபுர்ரர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மற்ற மெக்கானிக்மாரையும் கூப்பிட்டு, "இவங்களுக்கும் படிப்பா இருக்கும்" என்று மூன்றாவது தரமும் சொல்ல வைத்தார். அன்றைக்கு ஷ்டால்டருக்குத் தேநீர் கொடுக்கும்படி சொன்னதும் அவர்தான். பகையாளிக்குத் தேநீர் கொடுக்கிற அளவுக்கு மனிதன் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் காணவில்லை.

சல்வத்தோரே துருவை வெட்டியெடுத்துப் புது எஃகு வைத்து ஒட்டினார். தண்ணீர் போவதற்குத் துளை போட்டோம். ஷ்டால்டர் அந்தத் துளையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். நான் வயரைக் கொழுவி, பல்ப்பை மாற்றி, பேனலை ஏற்றினேன். புத்தகத்திலுள்ள அளவுக்கு மட்டும் ஆணி போட்டேன், அவர் தடுக்கவில்லை.

சோதனைக்குப் போன நாள் மத்தியானத்துக்கு முன்பே கார் திரும்பி வந்துவிட்டது. முன்னும் பின்னும் புது நம்பர் தட்டு. ஃபுர்ரர் நேரே அலுமாரிக்குப் போய் நீல உடுப்பை எடுத்து வந்து என்னிடம் தந்தார். நனைந்த காற்சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். ஷ்டால்டர் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை.

"என்ன, பாஸ்தானே?" என்றார் ஃபுர்ரர்.

"பாஸ்."

"பின்னை?"

"ஒருத்தரும் பாக்கேல்லை."

நடந்தது இதுதான். அவருடைய கூட்டாளி அதிகாரி ஓடி வந்து கை கொடுத்திருக்கிறார். நிறம் வடிவு என்றிருக்கிறார். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஷ்டால்டர் கட்டிய காரில் எதைத் தேடுவது என்று சிரித்து முத்திரை குத்திவிட்டார். லிஃப்டில் ஏற்றவில்லை, பொனெட்டைத் திறக்கவில்லை.

"இத்தினை வருசமும் நான் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கட்டினன்," என்றார் ஷ்டால்டர். "ஆராவது ஒரு ஆள் ஒண்டும் விடாமல் எல்லாத்தையும் வடிவாப் பாக்கும் எண்டு."

ஷ்டால்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஹேர் கந்தையா, நீர் பாரும்."

காரை லிஃப்டில் ஏற்றினேன். அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒட்டிய சட்டம், ஸ்டியரிங் மூட்டுகள், பின் பிரேக். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. முன் இடதுபக்கச் சில்லுக்கு வந்தபோது, பிரேக் குழாயின் றப்பரில் மினுமினுப்பான ஒரு கீறலைக் கண்டேன். காரை இறக்கி, ஸ்டியரிங்கைக் கடைசிவரை இடதுபக்கம் திருப்பிப் பார்த்தேன். அகலமான டயர் குழாயில் போய் முட்டியது. கார் நிலவறையில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்ற காலமெல்லாம் சில்லு தொங்கியதால் அது முட்டியிருக்காது. பாரம் ஏறி வீதியில் ஓடிய முதல் நாளே உரசத் தொடங்கியிருக்கிறது. இன்றைக்கு வெறும் கீறல். ஒருநாள் மலையிறக்கத்தில் அவர் பிரேக்கை மிதிக்க, கால் தரைவரை போகும்.

நீல உடுப்பு என் மேலே இருந்தது. ஃபுர்ரர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று சொன்னால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பார்க்கச் சொல்லிக் கேட்ட மனிதருக்கு, வெளிச்சம் காணாது என்று இரண்டாம் தரமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இடது பிரேக் குழாய் டயரிலை உரசுது," என்றேன்.

ஷ்டால்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. சுவரிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தார், முன் தட்டைக் கழற்றினார், பின்னால் போய் மற்றதையும் கழற்றினார். இரண்டையும் கைலேஞ்சியால் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காய்ச்சல் விட்டவரின் முகம் போல அவர் முகம் தெளிந்திருந்தது.

"நன்றி," என்று கை கொடுத்தார்.

ஃபுர்ரர் கிட்ட வந்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அந்த நல்ல ஜேர்மனில் சொன்னார்.

"காரிலை இப்ப நம்பர் தட்டு இல்லை, ஹேர் கந்தையா."

நீல உடுப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அநியாயம் என்று சொல்ல வழியில்லை, வாக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. புதுக் குழாயும் அதைத் தள்ளிப் பிடிக்கும் இரும்பும் இங்கிலாந்திலிருந்து வந்து, கார் மறுபடி சோதனைக்குப் போய், தட்டு ஏறும்வரை நான் சவர்க்காரத் தண்ணீரிலேயே நின்றேன். ஏறிய அன்று உடுப்பு திரும்பக் கிடைத்தது, ஓய்வு பெறும்வரை நான் மெக்கானிக்தான். அந்தப் பகுதியை மலர்க்குழு விரும்பினால் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மத்தியானம் நானும் யோகண்ணையும் சாப்பிட இருந்தோம். உடுப்புப் போன கதையைச் சொன்னேன். அவர் வாயில் வந்தபடி ஏசினார்.

"வந்த சீதேவியைக் கழட்டிக் குடுத்திட்டு வந்திருக்கிறாய். அந்தாளுக்கு நீ என்னத்துக்கு உண்மை சொன்னனீ?"

"அந்தாள் கேட்டுது, சொன்னன்."

"கேட்டால்?"

அகதி விசாரணைக்குப் போனவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கோபம் தெரியும். ஒரு மேசை, ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். வீட்டை எப்போது விட்டு வெளிக்கிட்டீர்? நிச்சயமா? ஆர் கண்டது? பிறகு அதே கேள்வியை வேறு பக்கத்தால் கேட்பார்கள், மறுபடி நிச்சயமா என்பார்கள். தன் தம்பி செத்ததை யோகண்ணை மூன்று அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். நம்பும்படியாக இல்லை என்று பதில் வந்திருந்தது. என் விஷயமும் அப்படித்தான் இழுபட்டுக்கொண்டு கிடந்தது.

"அண்ணை, நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான்," என்றேன். "அந்தாள் திருப்பிக் கேக்கேல்லை."

யோகண்ணை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"திருப்பிக் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"குனிஞ்சு பாத்திருக்குமே?"

"பாக்கேல்லை. நான் சொன்னன், அந்தாள் போய்த் தட்டைக் கழட்டிப்போட்டுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு, தம்பி. நிச்சயமோ?"